மானிட்டரைக் குறை சொல்லும் முன் மெனுவைத் திறந்து பாருங்கள்

புதிதாக கேமிங் மானிட்டர் வாங்கியவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கிவிடும். படம் வெளுத்துக் கிடக்கிறது. ஆள் ஓடும்போது பின்னால் வால் போல நிழல் தெரிகிறது. 165 ஹெர்ட்ஸ் என்று காசு கொடுத்தேன், பழைய மானிட்டருக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. இந்த மூன்றுக்கும் பேனல், அதாவது உள்ளே படம் காட்டும் பலகை, காரணமாக இருக்கலாம்தான். ஆனால் அமைப்பைச் சரி செய்யாதவரை பேனல்மேல் பழி போட முடியாது. எனவே மானிட்டரை எடைபோடுகிறவர் முதலில் அதைச் சரியாக ஓட வைக்க வேண்டும், அடுத்து மெனுவில் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் நிறுத்த வேண்டும், அதன் பிறகே படத்தைப் பார்க்க வேண்டும். கடையில் டெமோ வீடியோ ஓடும்போது பார்த்து முடிவெடுப்பதில் அர்த்தமில்லை. அந்த வீடியோ எந்தத் திரையிலும் நன்றாகத் தெரியும்படி எடுத்ததுதான்.

மானிட்டரைப் போட்டவுடன் சோதிக்காதீர்கள், அரை மணி நேரம் ஓடட்டும். திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட்டின் வெளிச்சமும் நிறமும் நிலைப்பட நேரம் எடுக்கும். திரவப் படிகம் குளிரில் மந்தமாகத் திரும்பும் என்பது இன்னொரு காரணம். வால்பாறையிலோ, மார்கழிக் காலையில் பொள்ளாச்சிப் பக்கமோ, போட்ட ஐந்தாவது நிமிடத்தில் தெரியும் கோஸ்டிங், அதாவது அந்த வால் நிழல், அரை மணி கழித்துக் குறைந்திருக்கும்.

அடுத்து ரிஃப்ரெஷ் ரேட், அதாவது திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கிறது என்ற ஹெர்ட்ஸ் எண். விண்டோஸில் அமைப்புகள், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் இப்போது எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று காட்டும். புது மானிட்டரை மாட்டியதும் பல கணினிகள் 60இல்தான் நிற்கும், நாம் போய் மாற்ற வேண்டும். பட்டியலில் 165ஏ இல்லை என்றால் கேபிளைப் பாருங்கள். பல மானிட்டர்கள் டிஸ்ப்ளேபோர்ட்டில் மட்டுமே முழு வேகம் தரும், எச்டிஎம்ஐ வழியே 144இலோ 120இலோ நின்றுவிடும். 1440பி (2560x1440 பிக்சல்) திரையில் எச்டிஎம்ஐ 2.0க்கு 144தான் வழக்கமான எல்லை. இன்னொரு தவறும் சகஜம்: கேபிளை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிடுவது. விலை மலிவான டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை மட்டும் வாங்காதீர்கள். சிலவற்றில் 20ஆம் பின்னை இணைத்திருப்பார்கள், இணைக்கக் கூடாத பின் அது. மானிட்டரிலிருந்து கார்டுக்கு மின்சாரம் திரும்பப் பாய்ந்து கணினி பூட் ஆகாமல் படுத்துகிற வினோதமான கோளாறு அதனால் வரும். பெட்டியில் வந்த கேபிளே போதும்.

ஹெர்ட்ஸ் சரியானதும் பிரேம், அதாவது அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்று, தவறுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். டெஸ்ட்யுஎஃப்ஓ தளத்தில் பிரேம் ஸ்கிப்பிங் சோதனை இருக்கிறது. கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து நகரும். போன் கேமராவில் ஷட்டரை 1/10 நொடி வைத்துப் படம் எடுத்தால் ஒளிர்ந்த கட்டங்கள் இடைவெளி இல்லாமல் வரிசையாக விழ வேண்டும். நடுவில் ஒரு கட்டம் இருட்டாக இருந்தால் மானிட்டர் பிரேமை விழுங்குகிறது. ஓவர்கிளாக் செய்து 165ஐ 180 ஆக்கியிருக்கும் மாடல்களில் இதைப் பார்க்காமல் விடக் கூடாது.

இனி வெளுத்த படம். எச்டிஎம்ஐயில் மாட்டியிருந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கிராபிக்ஸ் கார்டு மானிட்டரை டிவி என்று நினைத்து, கறுப்பை 0க்குப் பதில் 16 என்றும் வெள்ளையை 255க்குப் பதில் 235 என்றும் அனுப்பும். மானிட்டரோ 0 முதல் 255 வரை எதிர்பார்த்துக் காத்திருக்கும். கறுப்பு சாம்பலாகவும் வெள்ளை மங்கலாகவும் போவது அதனால்தான். நிவிடியா கண்ட்ரோல் பேனலில் அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் என்ற இடத்தை ஃபுல் என்று மாற்றுங்கள். ஏஎம்டி கார்டில் பிக்சல் ஃபார்மட்டில் ஃபுல் ஆர்ஜிபி. மானிட்டர் மெனுவிலும் பிளாக் லெவல் அல்லது ஆர்ஜிபி ரேஞ்ச் என்று ஒன்று இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். தலைகீழாக மாறிவிட்டால் இருட்டு மூலையில் ஆள் நிற்பதே தெரியாத அளவுக்குக் கறுப்பு அடைத்துக்கொள்ளும்.

வெளிச்சத்துக்கு மீட்டர் தேவையில்லை. ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில், நீங்கள் விளையாடும் நேரத்தில் அறையில் என்ன வெளிச்சம் இருக்குமோ அதில் பிடியுங்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, தாளும் திரையும் ஒரே பிரகாசத்தில் தெரியும்வரை பிரைட்னஸை இறக்குங்கள். இருட்டு அறையில் சுமார் 120 நிட்ஸ் (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அளவு) கண்ணுக்கு இதமாக இருக்கும். பெரும்பாலான மானிட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் எரியும். நம்ம ஊர் வீடுகளில் கிழக்கு ஜன்னலிலிருந்து காலை வெயில் நேராக விழும் இடத்தில் மேசை போடுகிறோம், அங்கே 250, 300 நிட்ஸ் இருந்தாலும் போதாது. வெளிச்சத்தைக் கூட்டுவதைவிட மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பிப் போடுவதே மேல். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் பளபளப்பான ஓஎல்இடி (பிக்சல்கள் தாமே ஒளிரும்) திரையில் ஜன்னல்தான் தெரியும், கேம் தெரியாது.

கான்ட்ராஸ்டை ஆலை வைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஏற்றினால் 250க்கு மேலே உள்ள வெள்ளைகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து, மேகமும் புகையும் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். லாகம் தளத்தின் எல்சிடி சோதனைப் பக்கங்களில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் தனித்தனியே கட்டங்கள் உண்டு. கறுப்பில் முதல் ஒன்றிரண்டு கட்டங்கள் தெரியாமல் போவது பரவாயில்லை, 8, 10 வரை மறைந்தால் காமாவோ பிளாக் லெவலோ தவறு. காமா என்பது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே உள்ள சாயல்கள் எவ்வளவு பிரகாசமாக விழும் என்ற கணக்கு, அது 2.2க்கு அருகில் இருக்க வேண்டும். மெனுவில் 2.2 என்று எழுதியிருக்கும் நிலை உண்மையில் 2.2 என்ற நிச்சயமில்லை. சில மாடல்கள் வெறுமனே 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும், அங்கே கண்ணால்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தச் சோதனைப் பக்கங்களைப் பார்க்கும்போது விண்டோஸ் ஸ்கேலிங் 100 சதவீதத்திலும் பிரவுசர் ஜூம் 100 சதவீதத்திலும் இருக்க வேண்டும். 125இல் இருந்தால் நுண்ணிய கோடுகள் கலங்கி, காமா எண் பொய்யாக வரும். பலர் இங்கே தடுக்கி, நல்ல மானிட்டரைக் கெட்டது என்று முடிவு கட்டுகிறார்கள்.

ஷார்ப்னஸுக்கு நடுநிலை எங்கே என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றில் 0, இன்னொன்றில் 50. சாம்பல் பின்னணியில் கறுப்பு எழுத்தை வைத்துப் பாருங்கள், எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிந்தால் கூடிவிட்டது, விளிம்பு மறையும்வரை இறக்குங்கள்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருப்பூர்ப் பக்கம் பல வீடுகளில் பகலில் பனியன் கம்பெனிக்குப் பிரிண்ட் டிசைன் போடுவதும் ராத்திரி வாலரண்ட் ஆடுவதும் ஒரே திரையில்தான். இப்போது வரும் கேமிங் மானிட்டர்கள் பலவும் டிசிஐ-பி3 வண்ணப் பரப்பில் 90, 95 சதவீதம் தருவதாகப் பெருமையாக எழுதியிருக்கும். ஆனால் இணையமும், பெரும்பாலான கேம்களும், நீங்கள் அனுப்பும் ஜேபெக் கோப்பும் எஸ்ஆர்ஜிபி என்ற சின்னப் பரப்புக்காகச் செய்தவை. அகன்ற பரப்புள்ள பேனல் அந்தச் சின்னப் பரப்பைத் தன் அளவுக்கு இழுத்து நீட்டிவிடும். சிவப்பு எரியும், பச்சை நியான் போல மாறும், முகங்களில் ரத்தச் சிவப்பு ஏறும். கேமில் சிலருக்கு இது பிடிக்கும், அது அவரவர் விருப்பம். டிசைனில் பிடிக்கக் கூடாது. திரையில் சரியாகத் தெரிந்த சிவப்பு துணியில் மங்கலாக வந்து நிற்கும்.

தீர்வு மெனுவில் உள்ள எஸ்ஆர்ஜிபி மோடு. நல்ல மானிட்டர் அந்த மோடில் பரப்பைச் சுருக்கிவிட்டு பிரைட்னஸை உங்கள் கையில் விடும். சோம்பேறித்தனமாகச் செய்த மானிட்டர் எஸ்ஆர்ஜிபியைத் தொட்டதும் பிரைட்னஸ், காமா, ஓவர்டிரைவ் (வால் நிழலைக் குறைக்கும் அமைப்பு, பின்னால் வருகிறது) எல்லாவற்றையும் பூட்டிவிடும். 300 நிட்ஸில் பூட்டிக்கொண்ட எஸ்ஆர்ஜிபி மோடை ராத்திரியில் யாரும் பயன்படுத்த முடியாது. வாங்கும் முன் பார்க்க வேண்டிய கட்டுப்பாடுகளில் இது முக்கியமானது, விளம்பரத் தாளில் எங்கும் இருக்காது. கடையில் "ஏனுங்ணா, எஸ்ஆர்ஜிபி மோடுல பிரைட்னஸ் மாத்த முடியுதான்னு ஒருக்கா பார்த்துக்கலாமுங்களா?" என்று கேளுங்கள், காட்டுவார்கள். வார்ம், கூல் என்று இருக்கும் நிறவெப்பத்தில் 6500 கெல்வினை ஒட்டிய நிலையே சரி, அது பெரும்பாலும் நார்மல் அல்லது யூசர் என்ற பெயரில் இருக்கும். இவ்வளவு செய்த பிறகும், வாங்குபவர் ஒப்புக்கொள்ள வேண்டிய நிறத்துக்கு லேப் டிப் போன்ற, சாயமிட்ட துணி மாதிரிதான் சாட்சி. பின்னாலிருந்து ஒளி விடும் திரையில் தெரியும் நிறமும் சாயம் ஏறிய துணியில் பட்டுத் திரும்பும் நிறமும் வேறு வேறு.

இனி அசைவு. கேமிங் மானிட்டருக்குக் கூடுதல் காசு கொடுப்பதே இதற்காகத்தான், அதிகம் குழப்பிக்கொள்ளும் இடமும் இதுதான்.

ஓடும் பொருள் மங்கலாகத் தெரிய இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, ஒரு பிரேம் திரையில் அடுத்த பிரேம் வரும்வரை அசையாமல் நிற்கிறது, நம் கண்ணோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் நகரும் பொருள் 60 ஹெர்ட்ஸில் 16 பிக்சல் அகலத்துக்கு மங்கும், 120இல் 8, 240இல் 4. பேனல் எவ்வளவு வேகமாக இருந்தாலும் இந்த மங்கல் இருந்தே தீரும், ஹெர்ட்ஸும் எஃப்பிஎஸ்ஸும் (கேம் நொடிக்குத் தரும் பிரேம்களும்) கூடினாலோ, பின்னால் சொல்லும் ஸ்டிரோபிங் போட்டாலோதான் குறையும். கேம் 60 எஃப்பிஎஸ்தான் தருகிறது என்றால் 165 ஹெர்ட்ஸ் திரையிலும் மங்கல் 60க்கு உரியதே. வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்பவர்கள் முதலில் எஃப்பிஎஸ் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பிக்சல் ஒரு சாயலிலிருந்து இன்னொரு சாயலுக்கு மாற எடுக்கும் நேரம். 165 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்கு 6.06 மில்லி நொடி. பிக்சல் மாற 10 மில்லி நொடி எடுத்தால் பழைய படம் மறையும் முன்பே புதிய படம் வந்துவிடும், வால் அங்கேதான் முளைக்கிறது. இதை விரட்டத்தான் ஓவர்டிரைவ். பிக்சலுக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் கொடுத்துத் தள்ளுவார்கள். ஊஞ்சலை வேகமாகத் தள்ளினால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்புவதுபோல, அளவு மீறினால் பிக்சலும் இலக்கைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பும். அப்போது கறுப்பு வாலுக்குப் பதில் வெளிறிய அல்லது நிறம் மாறிய விளிம்பு தெரியும். கோஸ்டிங்கைவிட இது கண்ணை அதிகம் உறுத்தும்.

பெட்டியில் எழுதியிருக்கும் 1 மில்லி நொடி இந்த ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து, ஒரு சாதகமான மாற்றத்தை மட்டும் அளந்ததாக இருக்கும். எம்பிஆர்டி என்று பக்கத்தில் இருந்தால் அது பேக்லைட்டை விட்டு விட்டு எரிய வைத்து எடுத்த எண், பிக்சலின் வேகமே அல்ல.

சரியான நிலையை இப்படிக் கண்டுபிடிக்கலாம். உச்ச ஹெர்ட்ஸில் டெஸ்ட்யுஎஃப்ஓவின் கோஸ்டிங் சோதனையை ஓட விட்டு, நகரும் பறக்கும் தட்டைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள், தலையை அசைக்க வேண்டாம். மெனுவில் ஓவர்டிரைவை ஆஃபில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். அது ரெஸ்பான்ஸ் டைம், டிரேஸ் ஃப்ரீ, ஏஎம்ஏ என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும். தட்டுக்குப் பின்னால் இழுபடும் நிழல் படிப்படியாகச் சுருங்கும். ஒரு படியில் நிழல் போய் வெள்ளை விளிம்பு தலைகாட்டும். அதற்கு முந்தைய படிதான் உங்களுக்கானது. ஐந்து படி உள்ள மெனுவில் அது பெரும்பாலும் நடுவில் இருக்கும், உச்சப் படி காட்சிக்கு வைத்ததுதான். இருண்ட, நடுத்தர, வெளிறிய பின்னணி மூன்றிலும் பாருங்கள், ஒன்றில் சுத்தமாக இருப்பது இன்னொன்றில் கெட்டிருக்கும்.

இத்தோடு நிறுத்தினால் பாதி வேலைதான். ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் கம்பாட்டிபிள் போட்டு ஆடும்போது ஹெர்ட்ஸ் கேமுடன் சேர்ந்து ஏறி இறங்கும், இதற்குப் பொதுப்பெயர் விஆர்ஆர். 165க்குப் பொருந்திய ஓவர்டிரைவ் 70 ஹெர்ட்ஸில் அளவு மீறியதாகிவிடும், ஏனென்றால் பிக்சலுக்கு இப்போது கூடுதல் நேரம் இருக்கிறது, தள்ளும் வேகமோ பழையதுதான். எனவே விண்டோஸில் ரிஃப்ரெஷ் ரேட்டை 60க்கு இறக்கி அதே சோதனையை மறுபடி பாருங்கள். அங்கேயும் விளிம்பு தெரியாமல் இருந்தால் அந்த மானிட்டரை நல்ல முறையில் டியூன் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ஒரே நிலையில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். தெரிந்தால், எஃப்பிஎஸ் அடிக்கடி இறங்கும் கனமான கேம்களுக்கு ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். நிவிடியாவின் ஜி-சிங்க் மாட்யூல் உள்ளே இருக்கும் மானிட்டர்கள் ஓவர்டிரைவைத் தாங்களே ஹெர்ட்ஸுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். விலை குறைந்தவற்றில் அது அபூர்வம்.

விஏ பேனல் (ஐபிஎஸ் போல எல்சிடியில் இன்னொரு வகை) என்றால் இருட்டிலிருந்து இருட்டுக்கு மாறும் இடத்தைத் தனியாகப் பாருங்கள். கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாற சில விஏக்களில் 20 மில்லி நொடியைத் தாண்டும். ராத்திரிக் காட்சியில் கேமராவைத் திருப்பினால் மரங்களும் கம்பங்களும் கரி பூசியதுபோல இழுபடும், ஓவர்டிரைவ் இதை முழுவதும் தீர்க்காது. அதற்கு ஈடாகக் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். வெள்ளை 120 நிட்ஸ் என்றால் 1000:1 உள்ள ஐபிஎஸ்ஸில் கறுப்பு 0.12 நிட்ஸ், 3000:1 உள்ள விஏவில் 0.04. இருட்டில் உட்கார்ந்து கதை கேம் ஆடுபவருக்கு விஏ, வேகமாகச் சுடும் கேம் ஆடுபவருக்கு ஐபிஎஸ் என்பது என் கருத்து.

விஆர்ஆர் போட்டதும் லோடிங் திரையிலோ மெனுவிலோ படம் படபடவென்று துடித்தால் மானிட்டர் பழுது என்று பயப்பட வேண்டாம். எஃப்பிஎஸ் தாறுமாறாகக் குதிக்கும்போது விஏவிலும் ஓஎல்இடியிலும் வெளிச்சம் கொஞ்சம் மாறுவதுதான் அது. எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு உச்சவரம்பு போடுங்கள், உச்ச ஹெர்ட்ஸைவிட 3, 4 குறைவாக, அதுவும் உங்கள் கார்டு விடாமல் தரக்கூடிய எண்ணாக. மானிட்டரின் விஆர்ஆர் எல்லை 48இல் தொடங்கினால், 40 எஃப்பிஎஸ்ஸில் ஒவ்வொரு பிரேமையும் இரண்டு தடவை காட்டி 80 ஹெர்ட்ஸில் ஓட்டும். 48ஐ ஒட்டியே எஃப்பிஎஸ் ஊசலாடினால் துடிப்பு அதிகம் தெரிவது இதனால்தான்.

டையாக், ஈஎல்எம்பி என்ற பெயர்களில் வரும் பேக்லைட் ஸ்டிரோபிங், அசைவு மங்கலை உண்மையிலேயே குறைக்கும். வெளிச்சம் இறங்கும், பெரும்பாலான மாடல்களில் விஆர்ஆருடன் சேர்ந்து வேலை செய்யாது, எஃப்பிஎஸ் ஹெர்ட்ஸுக்குச் சமமாக நில்லாவிட்டால் இரட்டை உருவம் தெரியும். கவுண்டர்-ஸ்டிரைக் போல எஃப்பிஎஸ் நிலையாக வரும் கேமுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். தலை வலித்தால் விட்டுவிடுங்கள்.

திரை முழுக்க ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்க அறையை இருட்டாக்கி, கறுப்புப் படத்தை முழுத்திரையில் வைத்து, வழக்கமான பிரைட்னஸில், வழக்கமான தூரத்தில் உட்காருங்கள். மூலைகளில் வெளிச்சம் தெரியும். தலையைப் பின்னுக்கு இழுத்தோ பக்கவாட்டில் நகர்த்தியோ பாருங்கள். வெளிச்சமும் கூடவே நகர்ந்தாலோ மங்கினாலோ அது ஐபிஎஸ் குளோ, பேனலின் இயல்பு, மாற்றிக் கேட்டாலும் அடுத்ததிலும் இருக்கும். எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் அப்படியே நின்றால் பேக்லைட் பிளீட், அதற்கு மாற்றிக் கேட்கலாம். போனில் தானாக எக்ஸ்போஷர் எடுக்க விட்டால் கண்ணுக்குத் தெரியாததும் தீப்பிடித்ததுபோல வரும், எக்ஸ்போஷரைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இறக்கி எடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என ஐந்து நிறத்தையும் முழுத்திரையில் போட்டு டெட் பிக்சலையும் அப்போதே பார்த்துவிடலாம்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுவது எச்டிஆர், அதில் எச்டிஆர் 400 என்ற ஸ்டிக்கருக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். லோக்கல் டிம்மிங் (இருட்டான பகுதியில் மட்டும் பேக்லைட்டைக் குறைப்பது) இல்லாத ஐபிஎஸ்ஸில் அதைப் போட்டால் கறுப்பும் சேர்ந்தே வெளுக்கும்.

மெனு எப்படித் திறக்கிறது என்பதையும் தரத்தில் சேர்த்தே பார்க்க வேண்டும். பின்னால் ஒரு ஜாய்ஸ்டிக் இருந்தால் இருட்டிலும் தடவி இயக்கலாம். அடியில் ஐந்து பட்டன் வரிசையாக இருந்தால் பிரைட்னஸைக் குறைக்கப் போய் பவரை அணைத்துவிடுவோம். பிரைட்னஸுக்கும் இன்புட் மாற்றத்துக்கும் குறுக்குவழி வைத்துக்கொள்ள முடிகிறதா, இருட்டைத் தூக்கிக் காட்டும் பிளாக் ஈக்வலைசரை ஒவ்வொரு கேம் மோடிலும் தனியாக நினைவு வைக்கிறதா, ஃப்ரீசிங்க் போட்டதும் எந்தெந்த வரிகள் சாம்பலாகிப் பூட்டிக்கொள்கின்றன, பவர் போய் வந்தால் அமைப்பு நிற்கிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசிக் கேள்வி கரண்ட் அடிக்கடி போய் வரும் ஊர்களில் சின்ன விஷயமில்லை.

மின்சாரம் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்விட்ச்போர்டில் எர்த் சரியாக இல்லாவிட்டால் கணினியின் உலோகத்தைத் தொடும்போது சுருக்கென்று இருக்கும். அந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்டிஎம்ஐயைப் பிடுங்கிச் செருகினால் போர்ட் போய்விடலாம். நாற்காலியிலிருந்து எழும்போது திரை ஒரு நொடி கறுத்து மீண்டு வந்தால் பேனல் பழுதல்ல, நாற்காலியின் கேஸ் லிஃப்டிலிருந்து கிளம்பும் நிலைமின்சாரம் கேபிளைத் தாக்குகிறது, நல்ல ஷீல்டு உள்ள, நீளம் குறைந்த கேபிள் போட்டால் நின்றுவிடும். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கு அருகில் வீடு இருந்தால் பஞ்சுத்தூசி பின்பக்கக் காற்றுத் துளைகளில் மெத்தைபோலப் படியும். மாதம் ஒரு தடவை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். திரையைத் துடைக்கத் திரவத்தை நேராக அடிக்காதீர்கள், வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கி அங்கே உள்ள இணைப்புகளைக் கெடுத்து, கோடு கோடாக விழ ஆரம்பிக்கும். மைக்ரோஃபைபர் துணியை லேசாக ஈரமாக்கி, மானிட்டரை அணைத்துவிட்டுத் துடையுங்கள்.

இத்தனை சோதனையையும் பெட்டி திறந்த அன்றே முடித்துவிடுங்கள், ரிட்டர்ன் தேதி அதற்காகக் காத்திருக்காது. பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், தெர்மாகோலோடு அட்டைப் பெட்டியைப் பத்திரமாக வையுங்கள். எல்லாம் சரியாக அமைந்ததும் மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது ரீசெட்டை அழுத்தினாலும் ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.